தாய்மையின் இலக்கணம் எழுதியவர்

நல்ல தாய் என்பவள் யார் என்ற கேள்விக்கு எல்லாக் காலத்திலும் விடை ஒன்றே என்று கல்லூரியில் பயின்றபோது நான் எண்ணியிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டு வரலாறு அவ்வெண்ணத்தை அசைத்தது.

1780-இல் பாரிஸ் நகரக் காவல் தலைவராயிருந்த லெனுவார் ஒரு கணக்குத் தந்தார். அந்நகரில் ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் பெற்ற தாயிடம் பால் உண்டவை சுமார் ஆயிரமே. இன்னோர் ஆயிரத்துக்கு வீட்டிலேயே செவிலித்தாய் அமர்த்தப்பட்டாள். மற்றவை வெளியூர்ச் செவிலியரிடம் சென்றன, திரும்பாதவை பல. அத்தாய்மார் நெஞ்சில் ஈரமற்றவர்களா? செல்வச் சீமாட்டிகள் ஒருபுறம் இருக்கட்டும். லியோன் நகரத்துப் பட்டு நெசவாளியின் மனைவி தறியில் உடனுழைத்தாலன்றி வீட்டில் அடுப்பு எரியாது. அவள் குழந்தைக்குக் கூலிக்குப் பாலூட்டிய கிராமத்துப் பெண்ணோ, தன் சொந்த மகவின் பாலைத்தான் விற்றாள்.

இந்நிலையில் 1762-இல் ரூசோவின் ‘எமீல்’ வெளிவந்தது. தாய்மார் தாமே பாலூட்டினால் நாட்டின் ஒழுக்கமே சீர்படும் என்றார் அவர். நூலின் சமயக் கருத்துகளுக்காகப் பாரிஸ் நீதிமன்றம் அதை எரிக்கச் செய்தது. அறிவுரையோ எரியவில்லை, சீமாட்டிகளின் மாளிகைவரை பரவிற்று.

அதை எழுதியவரின் இல்லத்தில் நிகழ்ந்தது யாது? தெரேஸ் லெவசேர் என்ற ஏழைப் பெண் அவருக்கு ஐந்து மக்களைப் பெற்றாள். ஐவரும் பிறந்தவுடன் அநாதைக் குழந்தைகள் விடுதியில் விடப்பட்டனர். 1764-இல் வோல்தேர் பெயரிடாத துண்டுப்பிரசுரம் ஒன்றில் இதை அம்பலமாக்கினார். தெரேஸ் கலங்கியே இணங்கினாள் என்று ரூசோவே பின்னர்த் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். எழுத்தறிவு மிகக் குறைந்த அவள் தன் கதையை எழுதவில்லை.

என் மகனுக்கு எட்டு மாதமானபோது, அவனை என் தாயாரிடம் விட்டு ஆசிரியப் பணிக்குத் திரும்பினேன். “பெற்றால் மட்டும் போதுமா?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். அதே காலையில் அலுவலகம் சென்ற என் கணவரை எவரும் அவ்வாறு கேட்கவில்லை. உள்ளதைச் சொன்னால், வகுப்பறையில் நுழைந்ததும் எனக்குத் துயரத்தோடு ஒரு விடுதலையும் தோன்றிற்று. அதை அன்று எவரிடமும் சொல்லத் துணியவில்லை. அந்நாள்களிலேதான் தெரேஸை அடிக்கடி நினைத்தேன்.

தலைப்பிள்ளையின் துணியில் மட்டும் அடையாளக் குறியிட்ட சீட்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் நகல் தந்தையிடம் இருந்தது. 1761-இல் லக்சம்பூர்ச் சீமாட்டி அக்குழந்தையைத் தேடச் செய்தார். விடுதியின் ஏடுகளைப் புரட்டினர். குழந்தை கிடைக்கவில்லை. மற்ற நால்வருக்கு அடையாளச் சீட்டே வைக்கப்படவில்லை.