தோளில் ஏறிய கைத்துப்பாக்கி

1914 ஆகஸ்ட் 26. கல்கத்தாவின் ஆயுத வியாபார நிறுவனமான ரோடா கம்பெனிக்குக் கப்பலில் 202 பெட்டிகள் வந்திருந்தன. அவற்றைச் சுங்கத்திலிருந்து எடுத்துவரப் போன குமாஸ்தா சிரீஷ் சந்திர மித்ரா 192 பெட்டிகளைக் கிடங்கில் சேர்த்தார். மீதிப் பத்தையும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அந்தப் பத்துப் பெட்டிகளில் இருந்தவை 50 மௌசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். பெட்டிகளை ஏற்றிச் சென்ற மாட்டுவண்டியை ஓட்டியவர் வண்டிக்கார வேடத்தில் இருந்த புரட்சியாளர் ஹரிதாஸ் தத்தா.

ஐம்பது பிஸ்டல் போனதற்குப் பிரிட்டிஷ் இந்திய அரசு ஏன் கலங்கியது? புரட்சி இயக்கங்களை ஆராய்ந்த ரௌலட் குழு 1918 அறிக்கையில் அதற்கான காரணத்தையும் எழுதியிருக்கிறது. பிஸ்டல் வைக்கப்பட்டிருக்கும் பெட்டியையே அதன் பிடியில் மாட்டிவிட்டால், ரைஃபிளைப் போலத் தோளில் சார்த்திச் சுடலாம். களவுபோனவை வெறும் கைத்துப்பாக்கிகள் அல்ல என்று அதிகாரிகள் நினைத்ததில் நியாயம் இருந்தது.

இந்த யோசனை மௌசருக்கு முன்பே பிறந்தது. அமெரிக்க ராணுவத்துக்காக 1855-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை கழற்றி மாட்டும் தோள்கட்டையோடு ஒரு பிஸ்டலைச் செய்தது. குதிரைமேல் இருக்கும்போது கைத்துப்பாக்கி, இறங்கி நின்றால் குட்டி ரைஃபிள் என்பது கணக்கு. ஒரு குண்டு சுட்டதும் குழல் வாய்வழியாக மறுபடி கெட்டிக்க வேண்டிய ஆயுதம் அது. சுமார் நாலாயிரத்தோடு உற்பத்தி நின்றது. சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வர்களுக்கும் கட்டை விற்றார். அதில் ஒரு வகை உள்ளே குடைந்து தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. சுடவும் ஆச்சு, குடிக்கவும் ஆச்சு! ரிவால்வரில் இன்னொரு தொல்லை உண்டு. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக நெருப்பும் ஈயத்துகளும் தெறிக்கும். ரைஃபிளைப் பிடிப்பதுபோல முன்னால் நீட்டித் தாங்கும் கைக்கு அது ஆபத்து.

ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில், மௌசர் ஆலையில் வேலை பார்த்த ஃபீடர்லே சகோதரர்கள் மூவர் உருவாக்கிய தானியங்கிப் பிஸ்டல் 1896-இல் விற்பனைக்கு வந்தது. அதன் உறை தோலில் தைத்ததல்ல. அக்ரூட் மரத்தைக் குடைந்து செய்த நீண்ட பேழை. அகன்ற முனையில் கீல் வைத்த மூடி. குறுகிய முனையில் ஓர் இரும்புக் கொக்கி. பிஸ்டலை வெளியே எடுத்து, மூடியைச் சாத்தி, கொக்கியைப் பிடியின் முதுகிலுள்ள வரிப்பள்ளத்தில் தள்ளினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். மூடிப்பக்கம் தோளில் பதியும். மணிக்கட்டின் நடுக்கம் அடங்கிவிடுவதால் நூறு, நூற்றைம்பது மீட்டரில் நிற்பவரைக் குறிவைப்பது சாத்தியமாயிற்று. குறிகாட்டியில் 1,000 மீட்டர் வரை கோடு போட்டிருந்தார்கள். அது வியாபாரியின் கணக்கு. தோட்டாவின் கணக்கு அல்ல.

1898 செப்டம்பரில் சூடானின் ஓம்துர்மான் போரில் குதிரைப்படையோடு பாய்ந்த இளம் வின்ஸ்டன் சர்ச்சில் கையில் இருந்ததும் மௌசர்தான். இரண்டாண்டுக்கு முன் பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது தோள்மூட்டு பிசகியதால் அவரால் வாள் வீச முடியவில்லை. ஓடும் குதிரையில் அவர் அதை ஒற்றைக் கையில்தான் சுட்டார். மரக்கட்டையை மாட்டிக் குறிபார்க்க அவகாசம் வேண்டும், இரண்டு கையும் வேண்டும். நெருக்கடியில் இரண்டுமே கிடைக்காது.

முதல் உலகப் போரில் ஜெர்மானிய ராணுவம் பீரங்கிப் படையினருக்கு நீண்ட குழல் லூகர் பிஸ்டலைக் கொடுத்தது. 20 சென்டிமீட்டர் குழல், தட்டையான மரக்கட்டை. பீரங்கியை இழுத்துத் தள்ளும் ஆளுக்கு முதுகில் ரைஃபிள் தொங்கினால் இடைஞ்சல் என்பதால் வந்த ஏற்பாடு. 1917-இல் 32 தோட்டாக்கள் கொள்ளும் நத்தை வடிவக் கூடும் சேர்ந்ததும் பதுங்குகுழிச் சண்டைக்காரர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே எம்.பி. 18 என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கி வந்தது. அதே நத்தைக்கூட்டை மாட்டிக்கொண்டு, அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்தது. கட்டை மாட்டிய பிஸ்டலின் ராணுவ மதிப்பு அங்கேயே பாதி தீர்ந்துபோனது.

ரைஃபிளுக்குப் பஞ்சமில்லாத படைகளுக்கு இந்தக் கட்டை ஒரு வசதி மட்டுமே. ரைஃபிள் கிடைக்காதவர்களிடம்தான் அதற்கு உண்மையான மரியாதை. சீனா அதற்குச் சரியான சாட்சி. 1919 முதல் 1929 வரை வல்லரசுகள் சீனாவுக்கு ஆயுதம் விற்கத் தடை போட்டிருந்தன. சண்டையிட்டுக்கொண்டிருந்த தளபதிகளுக்கோ ஆயுதப் பசி தீரவில்லை. தடை இருந்தும் ஜெர்மன் மௌசரும் அதைப் பார்த்து ஸ்பெயினில் செய்த ஆஸ்ட்ராவும் கப்பல் கப்பலாக இறங்கின. பெட்டியோடு வந்ததால் மக்கள் அதைப் பெட்டிப் பீரங்கி என்றே அழைத்தார்கள். ஷான்ஷி மாகாணத்தை ஆண்ட யென் ஷிஷான், தம் தாய்யுவான் ஆயுதச்சாலையில் அமெரிக்க தாம்சன் துப்பாக்கியின் நகல்களைச் செய்துவந்தார். அவற்றுக்கான .45 தோட்டாவே பொருந்தும்படி மௌசரையும் பெரிதாக்கிச் செய்யவைத்தார். 1927 நான்சாங் எழுச்சியில் கம்யூனிஸ்ட் தளபதி சூ தே வைத்திருந்த மௌசர் இன்று பெய்ஜிங் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வங்காளத்திலும் இதே நிலைமைதான். ரோடா பிஸ்டல்களில் 44 உடனடியாக ஒன்பது புரட்சிக் குழுக்களுக்குப் பங்கிடப்பட்டன. அவை 54 சம்பவங்களில் பயன்பட்டதாக ரௌலட் குழு கணக்குச் சொல்கிறது. 31 பிஸ்டல்களைப் போலீசார் மீட்டார்கள். 1915 செப்டம்பர் 9 அன்று ஒரிசாவின் பாலசோர் அருகே புரட்சித் தலைவர் பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் மௌசர்களோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். எதிரே நின்ற படையிடம் இருந்தவை முழுநீள ரைஃபிள்கள். தோழர்களில் ஒருவரான சித்தப்பிரிய ராய் சௌத்ரி களத்திலேயே இறந்தார். ஜதீன் மறுநாள் மருத்துவமனையில்.

இரண்டாம் உலகப் போரின்போதும் சீனா பழைய பழக்கத்தை விடவில்லை. கனடாவின் இங்லிஸ் ஆலையில் பிரௌனிங் பிஸ்டல்களை மரப்பேழையோடு செய்வித்து வாங்கியது. சோவியத் ராணுவம் 1951-இல் ஏற்ற ஸ்டெச்கின் பிஸ்டலுக்கும் உறையே கட்டை. தூக்கிச் சுமக்கப் பெரிது என்ற குறை அதை விரைவில் ஓரங்கட்டியது.

அமெரிக்காவில் தோள்கட்டையைக் கட்டிப்போட்டது சட்டம். 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிஸ்டலில் தோள்கட்டை மாட்டினால் அது குறுங்குழல் ரைஃபிள். பதிவு செய்ய வேண்டும். 2025 முடியும்வரை 200 டாலர் வரியும் கட்ட வேண்டியிருந்தது. சட்டம் வந்த நாளில் அது பெரும்பாலான துப்பாக்கிகளின் விலையைவிட அதிகம். பழைய மௌசரும் அதன் அசல் மரப்பேழையும் பின்னாளில் சேகரிப்புப் பொருள் என்று விலக்குப் பெற்றன. மாற்றுத்திறனாளிகள் பிஸ்டலை முன்கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் செய்த பட்டைத் தாங்கியைப் பலர் தோளில் வைத்துச் சுடத் தொடங்கியதும் வழக்கு மறுபடி கிளம்பியது. அதையும் ரைஃபிள் கணக்கில் சேர்க்க அரசு 2023-இல் விதி கொண்டுவந்தது. 2024 ஜூனில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.