மரக்கலமும் அமானிதமும்



வெள்ளிதோறும் நாம் ஓதிவரும் 'அல்கஹ்ஃப்' அத்தியாயத்தில் ஒரு படகு வருகிறது. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் சிலருக்குச் சொந்தமான படகு அது. மூஸா நபி (அலை) அவர்களுடன் அதில் பயணம் செய்த ஹிழ்ர் (அலை) அவர்கள் அதைச் சேதப்படுத்துகிறார்கள். நல்ல படகுகளையெல்லாம் அபகரிக்கும் அரசனொருவன் வருகிறான். பழுதுபட்ட படகை அவன் விட்டுவிடுவான் என்பதே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரிய வருகிறது. பலகையில் விழுந்த பழுதைச் செப்பனிட்டுவிடலாம். படகே போய்விட்டால் அந்த ஏழைகளின் பிழைப்பு போய்விடும்.

இந்த நிகழ்ச்சியில் நாம் எளிதாகக் கடந்து போகும் ஒரு செய்தி உண்டு. படகு காக்கப்பட்டது படகுக்காக அன்று. அதை நம்பிப் பிழைத்த ஏழைகளுக்காக. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பாரசீக வளைகுடாவின் பழைய மரக்கலங்கள் கோடைக்கடலில் கழித்த நாட்களைச் சற்று திரும்பிப் பார்ப்போம்.

ஆணியா, கயிறா?

நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைப் பற்றி 'அல்கமர்' அத்தியாயத்தின் 13-வது வசனம் பேசும்போது, பலகைகளோடு 'துஸுர்' என்ற சொல்லையும் குறிப்பிடுகிறது. இதற்கு ஆணிகள் என்றே விரிவுரையாளர் பலர் பொருள் கூறினர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளும் அரபு அகராதிகளில் உண்டு. அரபுக் கடலோடிகளுக்கு இரண்டுமே தெரிந்தவை. பல நூற்றாண்டுகள் அவர்களின் கப்பல்கள் ஆணியின்றி, தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டே கடலில் சென்றன.

கி.பி. 1183-இல் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள், செங்கடலின் ஐதாப் துறைமுகத்தில் இத்தகைய தைத்த படகுகளைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். தைத்து முடித்த படகுக்கு நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ பூசுவார்கள் என்றும், அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் குறிப்பிடுகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா (ரஹ்) அவர்கள், அத்தீவுகளின் தென்னை நார்க் கயிறு கப்பல் தைப்பதற்காக இந்தியா, யமன், சீனம் வரை ஏற்றுமதியானதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் இரும்பு ஆணி வந்தது. ஆனால் மரம் மாறவில்லை. வளைகுடாவில் கப்பலுக்கேற்ற மரம் இல்லை. மலபாரிலிருந்து சென்ற தேக்கைக் கொண்டே குவைத்தின் கப்பல்கள் கட்டப்பட்டன. அங்குள்ள தச்சரை 'கல்லாஃப்' என்பர். அவரிடம் வரைபடம் எதுவும் இராது. முதலில் ஏரா என்னும் அடிமரத்தைக் கிடத்துவார்; பிறகு பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி உயர்த்துவார்; அதன் பின்னரே உள்ளே விலாச் சட்டங்களை வைப்பார். கண்ணளவும் கையளவுமே அவருடைய கணக்கு. பலகைகளின் இடைவெளியில் எண்ணெயில் தோய்த்த பஞ்சை அடைப்பார்கள். இவ்வேலையை நம் கடற்கரையில் 'கலப்பற்று' என்பது வழக்கம். அரபியின் 'கல்ஃபத்' என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது. மரக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு இணைத்துச் சொல்லும் சமுதாயத்தினரான நமக்கு இச்சொற்கள் அந்நியமானவை அல்ல.

ஒரு கப்பலுக்கு இரு பருவங்கள்

குவைத்தின் கடல் வாழ்க்கை ஆண்டை இரண்டாகப் பிரித்தது. பேரீச்சை அறுவடை முடிந்ததும், 'பூம்' எனப்படும் பெரிய மரக்கலங்கள் பஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு, வடகிழக்குப் பருவக்காற்றில் இந்தியாவுக்கும் கிழக்காப்பிரிக்காவுக்கும் செல்லும். காற்று திரும்பும்போது அவையும் திரும்பும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும் கோடையில் பெருங்கப்பல்கள் கரையேறிவிடும். மாலுமிகளில் பலர் சிறிய படகுகளில் ஏறி முத்துக் குளிக்கப் புறப்படுவார்கள்.

இந்த வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளை நேரில் கண்டவர்களுள் ஒருவர், ஆஸ்திரேலியக் கடலோடியான ஆலன் வில்லியர்ஸ். 1938-ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனில் அவர் ஏறிய குவைத் கப்பலின் பெயர் 'பயான்'. ஜும்ஆவில் நாம் கேட்கும் 'பயான்' என்ற அதே சொல்தான். அதன் நாகுதா, அதாவது கப்பல் தலைவர், அலீ அந்நஜ்தீ. ஸான்ஸிபார் சென்று, ருஃபிஜி ஆற்று முகத்துவாரத்தில் கண்டல் மரக் கழிகளை ஏற்றி, 1939 கோடையின் தொடக்கத்தில் அக்கப்பல் குவைத் திரும்பியது. அந்தக் கோடையைக் குவைத்தில் கழித்த வில்லியர்ஸ், முத்துப் பார்களுக்கும் சென்று வந்தார். தாம் கண்டவற்றை 1940-இல் நூலாக வெளியிட்டார்.

படகைப் பேணிய விதம்

வாசகர்களே! மரப்படகைக் கட்டுவது ஒருமுறை செய்யும் வேலை; பேணுவதோ ஆண்டுதோறும் செய்யும் வேலை. ஓடும் கப்பலைவிட ஓய்ந்து நிற்கும் கப்பலுக்கே ஆபத்து அதிகம். நீரில் இருக்கும்போது பலகை ஊறிப் பருத்துப் பொருத்துகளை இறுக்கிக்கொள்ளும். கோடை வெயிலில் கரையில் கிடந்தால் பலகை சுருங்கும். பொருத்துகள் வாய் பிளக்கும். ஆகவே கரையேற்றிய கப்பலின் பாயையும் கயிறுகளையும் கழற்றி வைத்து, வெயில் படாதபடி பாய்களால் மூடுவார்கள்.

நீர்மட்டத்துக்கு மேலுள்ள பலகைகளுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். அதன் நாற்றம் சகிக்க முடியாதது. ஆனால் அதுவே மரத்துக்குள் இறங்கி வெடிப்பைத் தடுக்கும். நீருக்குள் அமிழும் பகுதிக்கு வேறு மருந்து. அங்கே மரத்தைத் துளைக்கும் கடற்புழு பகைவன். கடல் வற்றும் வேளையில் படகை மணலில் சாய்த்து, ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் சேர்த்துக் குழைத்த கலவையை வெறுங்கையாலேயே அப்பித் தேய்ப்பார்கள். கடல் மீண்டும் ஏறி வருமுன் வேலை முடிய வேண்டும். ஆகவே நாகுதாவின் அதட்டலும் மாலுமிகளின் பாட்டும் சேர்ந்தே ஒலிக்கும்.

எந்தப் பொருத்து கசிகிறது, எந்த ஆணி துருவேறியிருக்கிறது என்பதெல்லாம் நாகுதாவுக்கு மனப்பாடம். இதை அமானிதம் பேணல் என்றே சொல்லலாம். இத்தனை மனிதரைச் சுமக்கும் பலகையில் ஒரு விரலளவு அலட்சியமும் கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

முத்துப் படகில் ஒரு நாள்

முத்துக் குளிக்கும் பருவம் கோடையின் ஏறத்தாழ நான்கு மாதங்கள். புறப்பாட்டை 'தஷ்ஷா' என்றும், திரும்புதலை 'குஃப்பால்' என்றும் குவைத் மக்கள் அழைத்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரி லோரிமர் தொகுத்த குறிப்பின்படி, வளைகுடா முழுவதிலும் சுமார் 4,500 படகுகளும் 74,000 மனிதரும் இத்தொழிலில் இருந்தனர்.

கடலுக்குள் இறங்குபவர் 'ஃகவ்வாஸ்'. அவருடைய கயிற்றை மேலிருந்து பிடித்து இழுப்பவர் 'ஸைப்'. மூக்கில் ஒரு கிடுக்கி, விரல்களில் தோலுறை, கழுத்தில் சிப்பி சேர்க்கும் கூடை, காலில் கல். ஒரு மூச்சில் இறங்கிச் சிப்பிகளைப் பறித்துக் கயிற்றை அசைத்தால், மேலிருப்பவர் அக்கணமே இழுக்க வேண்டும். அவர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் கீழிருப்பவரின் உயிர் போய்விடும். காலையில் சில பேரீச்சம்பழங்களும் காப்பியுமே ஆகாரம். வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது என்பதால் இரவில்தான் சோறும் மீனும். நன்னீரும் அளவோடுதான். உப்புநீரில் ஊறிய தோல் புண்ணாகும். கண்ணும் காதும் கெடும்.

பருவம் முடிந்தபின் உணவுச் செலவும் படகுக்குரிய பங்கும் கழிக்கப்படும். மீதியில், பொதுவான வழக்கப்படி, மூழ்குபவருக்கு மூன்று பங்கு, கயிறு இழுப்பவருக்கு இரண்டு பங்கு, உதவியாளருக்கு ஒரு பங்கு. கேட்பதற்கு நியாயமான பங்கீடு. ஆனால் இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும்.

கணக்கேட்டில் விழுந்த விரிசல்

கடலுக்குப் போகுமுன் குடும்பத்தின் உணவுக்காக மாலுமி முன்பணம் வாங்குவார். பருவத்தில் முத்துக் கிடைக்காவிட்டாலோ, விலை இறங்கினாலோ, பங்கு அந்த முன்பணத்துக்கே போதாது. மீதி, கடனாக அடுத்த ஆண்டுக்கு ஏறும். அதைத் தீர்க்க அடுத்த கோடையிலும் அதே நாகுதாவிடம் வேலை செய்தாக வேண்டும். கணக்கேடு நாகுதாவின் கையில். எழுத்தறியாத மாலுமிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாது. அவர் மரணித்தால் கடன் மகனின் தலையில் விழுந்த ஊர்களும் இருந்தன. தந்தை மூழ்கிய கடலில், தந்தையின் கடனுக்காக மகன் மூழ்கினான்.

எல்லா நாகுதாக்களும் கொடியவர்கள் என்று சொல்வது நீதியாகாது. அவர்களில் இரக்கமுள்ளவர்கள் உண்டு. பலர் தாமே முத்து வணிகர்களிடம் கடன்பட்டிருந்தனர். கடன் ஒரு சங்கிலியாக மேலிருந்து கீழே இறங்கியது. அதன் கடைசிக் கண்ணி, மூச்சடக்கி மூழ்கியவனின் காலில் கிடந்தது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்பதும், அவருக்கு இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்பதும் 'அல்பகரா' அத்தியாயத்தின் 282-வது வசனம் தரும் சட்டம். இதை ஓதாத கப்பலில்லை; கடலிலும் ஐவேளைத் தொழுகையை நிலைநாட்டிய மக்கள் அவர்கள். பலகையின் விரிசலை ஆண்டுதோறும் தேடித்தேடி அடைத்தவர்கள், கணக்கேட்டின் விரிசலை அடைக்காமல் விட்டுவிட்டார்கள்.

பஹ்ரைனில் 1920-களின் தொடக்கத்தில் சீர்திருத்தம் வந்தது. முத்துக் குளிப்போர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. பிரிட்டிஷ் அதிகாரிகளின் தூண்டுதலால் அது வந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்று. நம் வேதம் என்றோ சொல்லிவிட்டதை நமக்கு நினைவூட்ட அந்நியர் வர வேண்டியிருந்தது! குவைத்தும் 1940-இல் முத்துக் குளிப்போருக்கான சட்டத்தை வெளியிட்டது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஜப்பானின் மிகிமோட்டோ 1893-இல் தொடங்கிவைத்த வளர்ப்பு முத்து, 1920-களில் உலகச் சந்தையை அடைந்தது. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி முத்து வாங்குவோரைக் குறைத்தது. முன்பணம் சுருங்கியதால் 1932-இல் பஹ்ரைனில் முத்துக் குளிப்போரே கலகம் செய்தனர். தம்மைக் கட்டிய கயிற்றையே பிடித்துத் தொங்க வேண்டிய நிலை அவர்களுடையது. 1938-இல் குவைத்தின் புர்கானில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டு, 1946-இல் முதல் ஏற்றுமதி நடந்தது. மாலுமிகள் கடலை விட்டுக் கரையேறினர்.

எஞ்சி நிற்பவை

1938-இல் கட்டப்பட்ட 'ஃபத்ஹுல் கைர்' என்ற பூம் செப்பனிடப்பட்டு, குவைத்தின் அறிவியல் மையத்தில் வைக்கப்பட்டுள்ளது. பஹ்ரைனின் முஹர்ரக் நகரிலுள்ள முத்து வணிக இல்லங்களும் அவற்றோடு சேர்ந்த முத்துப் பார்களும் 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 1986-இல் குவைத்தில் தொடங்கிய முத்துக் குளிப்பு நினைவுப் பயணம் கோடையில் பல ஆண்டுகள் நடந்தது. மூத்த மாலுமிகள் இளைஞர்களுக்குப் பாய் விரிக்கவும், படகுக்கு எண்ணெய் பூசவும், மூச்சடக்கி மூழ்கவும் கற்பித்தார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் படகை மட்டும் நினைவு வைத்து, அதில் மூழ்கியவனின் கடனை மறந்துவிட்டால் நம் நினைவு அரைகுறையானதே.

நமக்குரிய படிப்பினை

அன்பிற்குரியவர்களே! முத்துக்காக ஒரு காலத்தில் மனிதர் மூழ்கிய அதே வளைகுடா நாடுகளுக்குத்தான், கடன் வாங்கிப் பயணச் செலவு கட்டி நம் வீட்டுப் பிள்ளைகள் சென்றுகொண்டிருக்கிறார்கள். போகுமுன் வாங்கிய கடன், போன இடத்தில் வரும் சம்பளம், ஊரில் ஏறும் செலவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா? வீட்டிலுள்ள தாயும் மனைவியும் அந்தக் கணக்கை அறிவார்களா? நம் கடையிலும் பட்டறையிலும் வேலை செய்யும் சிறுவனுக்குக் கொடுத்த முன்பணத்தை நாம் மட்டும் பார்க்கும் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறோமா, அவனும் பார்க்கும் ஏட்டிலா?

உயிரையே கொடுத்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என எச்சரித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அதே மார்க்கம்தான், வசதியற்ற கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் விட்டுக்கொடுக்கவும் கடன் கொடுத்தவரிடம் சொல்கிறது. வாங்கியவனுக்கு அச்சமும் கொடுத்தவனுக்கு இரக்கமும் இருந்தால் அந்தக் கணக்கில் விரிசல் விழாது.

பழைய மாலுமி ஆண்டுக்கு ஒருமுறையேனும் படகைக் கரையேற்றி, ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பார்த்தான். நாமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் கொடுக்கல் வாங்கல்களைக் கரையேற்றித் தடவிப் பார்ப்போம். கசியும் இடம் தெரிந்தால் கடல் ஏறி வருமுன் அடைத்துவிடுவோம்.

ஏழைகளின் படகை அரசனிடமிருந்து காத்த வல்ல அல்லாஹ், நம் பொறுப்பிலுள்ள ஏழைகளின் உரிமையை நம்மிடமிருந்தும் காத்தருள்வானாக! கடன் சுமையிலிருந்து நம் அனைவரையும் விடுவிப்பானாக! ஆமீன்.