அந்திமகால ஆன்மிகத் துணை (கல்கத்தா)

அந்திமகால ஆன்மிகத் துணை என்பது, இனிக் குணமாகாது என்று வைத்தியர் கைவிட்ட நோயோடு மரணத்தை நெருங்கியிருப்பவரின் அருகே இருந்து, அவர் மனக்கலக்கத்தைச் செவிமடுத்து, அச்சத்தைத் தணித்து, அவர் சமயம் விதிக்கும் இறுதிச் சடங்குகளுக்கு வழிசெய்து, பிரிவால் வருந்தும் குடும்பத்தாருக்கும் ஆறுதலாக நிற்கும் பணியாகும். மேல்நாட்டு மருத்துவமனைகளில் இப்பணியாளரைச் சாப்ளின் என்பர். இந்திய நாட்டில் இப்பணியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய காளிகாட்டில், காளி கோயிலை ஒட்டி நிற்கும் நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

பண்டைய வழக்கம்: முற்காலத்தில் இக்கடமை சுற்றத்தாருடையதாகவே இருந்தது. மரணத்தறுவாயில் இருப்பவரைக் கங்கைக் கரைக்குச் சுமந்து சென்று, நீரில் காலை நனைத்து, செவியில் இறைவன் நாமத்தை ஓதும் சம்பிரதாயம் வங்காளத்தில் இருந்தது. காளிகாட்டை அடுத்தோடும் ஆதிகங்கையின் கரையில்தான் கேவடாதலா சுடுகாடும் அமைந்திருக்கிறது. தமிழ் இல்லங்களில் விஷ்ணு சகஸ்ரநாமமோ திருவாசகமோ பாராயணம் செய்யப்பட்டது. ஆயினும் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சமும் 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையும் கல்கத்தாவின் நடைபாதைகளில் கொண்டுவந்து சேர்த்த எண்ணற்றோருக்கு, ஓதுவதற்குச் சுற்றமும் இல்லை, படுப்பதற்குக் கூரையும் இல்லை.

நிர்மல் ஹிருதய்: 1929-இல் இந்தியா வந்து லொரேட்டோ மடத்தில் ஆசிரியையாகப் பணிபுரிந்த அன்னை தெரசா, 1948-இல் அம்மடத்தை விட்டு வெளியேறி, 1950-இல் அன்பின் பணியாளர் சபையைத் தொடங்கினார். காளி கோயில் யாத்திரிகர் தங்குவதற்கெனக் கட்டப்பட்டிருந்த விடுதியொன்றைக் கல்கத்தா மாநகராட்சி அவருக்கு அளிக்க, 1952 ஆகஸ்டு 22-ஆம் நாள் மரணத்தறுவாயில் உள்ளோருக்கான இல்லம் அங்கே திறக்கப்பட்டது. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிக் கூடங்கள் கொண்ட அவ்வில்லத்தில், தெருவில் கிடந்தோரைக் கொணர்ந்து குளிப்பாட்டிப் புண்ணைத் துடைத்து உணவூட்டிய சகோதரிகள், இந்துவின் உதட்டில் கங்கா தீர்த்தம் விடுவதையும், முஸ்லிமுக்குக் குர்ஆன் ஓதச் செய்வதையும், கத்தோலிக்கருக்கு அவஸ்தைப்பூசுதல் அளிக்கச் செய்வதையும் தம் முறையாகக் கொண்டனர்.

விமரிசனங்கள்: இவ்வில்லத்தின் புகழோடு கண்டனமும் வளர்ந்தது. இங்கு வந்து பார்த்த லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், கடும் வலியைத் தீர்க்கும் வீரியமுள்ள மருந்துகள் இல்லாமையை 1994-இல் சுட்டிக்காட்டினார். நினைவிழந்தோருக்கு இரகசியமாக ஞானஸ்நானம் அளிக்கப்பட்டதென்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வலி தணியாத நிலையில் ஆறுதல் மொழி எம்மட்டுக்குப் பயன்படும் என்பதும், துணையாக வருபவரின் சமயம் மரணப்படுக்கையில் எவ்வளவு இடம்பெறலாம் என்பதும் இப்பணியின் அடிப்படையைத் தொடும் கேள்விகளாதலின், இவற்றைச் சினமின்றி ஆராய்வதே முறை.

வைத்தியத்தோடு இணைந்த துணை: இவற்றுள் முதற் கேள்விக்கு விடை வகுத்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் பணிபுரிந்து பின்னர் மருத்துவமும் பயின்ற அவர், உடல், மனம், சமூக உறவு, ஆன்மா ஆகிய நான்கும் ஒருங்கே சேர்ந்ததே சாவோரின் வலி என்று கண்டு, 1967-இல் லண்டன் நகரில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். தவறாத வேளைகளில் மார்ஃபின் என்னும் வலிநிவாரணி மருந்தைக் கொடுக்கும் முறையும் ஆன்மிகத் துணையும் அங்கே ஒரே திட்டத்தின் கூறுகளாயின. உலக சுகாதார நிறுவனமும் 2002-இல் வெளியிட்ட வரையறையில், ஆன்மிகத் துன்பத்தைத் தணிப்பதை நோய்த்தணிப்புச் சிகிச்சையின் அங்கமாகவே வைத்தது.

இந்தியாவில்: டாக்டர் லூயிஸ் டி சூசா 1986-இல் பம்பாயில் நிறுவிய சாந்தி அவேத்னா சதன் இந்நாட்டின் முதல் நவீன ஹாஸ்பிஸ், அதாவது அந்திமகாலப் பராமரிப்பு இல்லம், எனப்படும். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம், அண்டை அயலாரையே பயிற்றுவித்து நோயாளியின் வீட்டுக்கு அனுப்பும் முறையை வளர்த்தது; இம்முறையில் சமயக் குருவின் கடமைகளுட் பல ஊராரின் கைக்கு வந்தன. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பது அரிதாகியிருந்த நிலையை, 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓரளவு தளர்த்தியது.

இன்றைய நிலை: மேலை நாடுகளில் சாப்ளினுக்கு முறையான பயிற்சியும் மருத்துவக் குழுவில் இடமும் உண்டு, இந்தியாவில் சில கிறிஸ்தவ மருத்துவமனைகள் நீங்கலாக அத்தகைய பதவி அரிது. பல சமயத்தாரும் பல மொழியாரும் அடுத்தடுத்து வாழும் கல்கத்தா போன்ற நகரில், நோயாளியின் சமயத்தை மதித்து, இயன்றமட்டும் அவர் தாய்மொழியிலேயே பேசி, தம் மதத்தைப் பரப்பாமலும் வைத்தியருக்குப் போட்டியாகாமலும் பணிபுரிய வல்ல துணைவர் இன்றியமையாதவர். காளிகாட்டில் சகோதரிகள் வழங்கிய ஸ்பரிசமும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் வழங்கிய வலிநிவாரணமும் ஒன்றுசேர்ந்தால் அன்றி இப்பணி முழுமை பெறாது என்பதே இந்த எழுபது ஆண்டுச் சரித்திரத்தின் முடிபாகும்.