கார், டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன் வீட்டிலேயே கண்டறியும் முறை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் அன்றைய விற்பனை பாழாகிவிடும். பெருங்களத்தூர், முடிச்சூர், மண்ணிவாக்கம், வரதராஜபுரம் பகுதிகளில் இதோடு இன்னொரு கவலையும் உண்டு. ஆதனூர் ஏரியில் தொடங்கும் அடையாறு இந்த ஊர்களை ஒட்டித்தான் ஓடுகிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டு வாசலில் நின்ற கார்கள், இரு சக்கர வாகனங்கள், சரக்கு வேன்கள் எல்லாம் தண்ணீரில் மூழ்கின.

பேட்டரி இறங்கிய வண்டியும், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியும் சாவியைத் திருப்பும்போது ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு அமைதி. பேட்டரிதான் இறங்கிவிட்டது என்று நினைத்து வேறு பேட்டரியைக் கொடுத்து முடுக்கினால், சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரித்து வேலை பார்க்கும் அளவுக்குப் போய்விடும். எனவே, கீழே உள்ள வரிசையிலேயே சோதிப்பது நல்லது.

வண்டி தண்ணீரில் நின்றதா?

எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது இதுதான். சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்கும். இதனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

செய்ய வேண்டியவை:

1. பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றிவிடவும்.

2. ஆயில் அளவுகோலை எடுத்துப் பார்க்கவும். ஆயில் பால் கலந்த டீ போல நிறம் மாறியிருந்தாலோ, அளவு வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

3. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவும். ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் இன்ஜின் வரை போயிருக்க வாய்ப்பு அதிகம்.

4. டிராக்டராக இருந்தால் கியர் பெட்டி, ஹைட்ராலிக் ஆயிலையும் பார்க்கவும். மூச்சுத் துளை வழியாக அவற்றிலும் தண்ணீர் இறங்கும்.

இவற்றில் எது தெரிந்தாலும் கட்டி இழுத்தோ, ஏற்றிச் சென்றோ பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. பட்டறையில் பெட்ரோல் வண்டிக்குப் பிளக்கையும், டீசல் வண்டிக்கு இன்ஜெக்டரையும் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். பிறகு ஆயிலை மாற்றுவார்கள்.

காப்பீடு உள்ளவர்கள், தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி படம் எடுத்து, வண்டியை நகர்த்தும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்திருக்க வேண்டும்.

சத்தத்தையும் விளக்கையும் கவனியுங்கள்

வண்டி தண்ணீரில் நிற்கவில்லை என்பது உறுதியானால், முன்விளக்கைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கவும்.

* விளக்கே எரியவில்லை: பேட்டரி முழுவதும் காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது.

* விளக்கு மங்கி, ‘கட கட’ என்று தொடர்ந்து சத்தம் வருகிறது: பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை.

* விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஒரே ஒரு ‘டக்’ சத்தம்: ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதன் சொலினாய்டு பழுது.

* விளக்கு பளிச்சென்று எரிகிறது, சத்தமே இல்லை: ஃப்யூஸ், ரிலே, சாவி சுவிட்சைப் பார்க்க வேண்டும். டிராக்டரில் கிளட்ச்சை முழுவதும் மிதித்து, கியரும் பி.டி.ஓ. லீவரும் நியூட்ரலில் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பாதுகாப்பு சுவிட்ச் உள்ள டிராக்டர்கள் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்காது.

* செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பேட்டரியில் குறை இல்லை. எரிபொருள் அல்லது மின்பொறிப் பக்கம் பார்க்க வேண்டும்.

செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். தொடர்ந்து அடித்தால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

மல்டிமீட்டர் சோதனை

பம்ப்செட் வேலைக்காகப் பல வீடுகளில் மல்டிமீட்டர் இருக்கும். அதை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைக்கவும். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில் பார்த்தால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

* 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்

* 12.4 வோல்ட்: சுமார் முக்கால் பங்கு

* 12.2 வோல்ட்: சுமார் பாதி

* 12 வோல்ட்: சுமார் கால் பங்கு, உடனே சார்ஜ் செய்ய வேண்டும்

12 வோல்ட் என்று காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது முக்கால்வாசி காலியான பேட்டரி.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கவும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி சுமை தாங்கவில்லை. முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் இப்படி இறங்கினால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். 15-ஐத் தாண்டினால் அதிக சார்ஜ் ஏறி, பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும். இந்த இரண்டு நிலையிலும் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

டெர்மினல் பூப்பது

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்ற வரிசையில் கழற்றவும். சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து உலரவிடவும். இந்த நீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகக் கூடாது. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கிய பின் மேலே வாஸலின் தடவவும். மைனஸ் கேபிள் வண்டியின் உடலோடு சேரும் எர்த் போல்ட்டையும் துரு நீக்கி இறுக்கவும்.

மூடி திறக்கும் வகை பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர், ஆர்.ஓ. நீர், ஆசிட் எதுவும் ஊற்றக் கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் 15 நிமிடங்களாவது தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லவும்.

நல்ல பேட்டரி ஏன் இறங்குகிறது?

ஒரு சிறு கணக்கு. உள்ளே எரியும் 5 வாட் விளக்கு சுமார் 0.4 ஆம்பியர் எடுக்கும். அணைக்க மறந்தால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றரை நாளில் காலி. 55 வாட் முன்விளக்கு இரண்டும் எரிந்தால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது.

வெள்ளம் வடிந்த பிறகு, மேடான இடம் தேடி வரும் எலிகள் பானட்டுக்குள் தங்கி வயரைக் கடித்துவிடும். காரணம் தெரியாமல் பேட்டரி இறங்கினால் வயர்களையும் பார்க்கவும். உழவுப் பருவம் முடிந்து மாதக்கணக்கில் நிறுத்தும் டிராக்டர், பவர் டில்லருக்கு மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும்.

வேறு வண்டியின் பேட்டரியில் ஸ்டார்ட் செய்ய

சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டவும். கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை ஸ்டார்ட் ஆகாத வண்டியின் இன்ஜின் இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டவும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் தீப்பொறி பறந்தால் வெடிக்கலாம். பீடி, சிகரெட் அருகில் இருக்கவே கூடாது. லாரிகளில் 24 வோல்ட் இருக்கும் என்பதால் கார், டிராக்டருக்கு லாரியிலிருந்து கேபிள் போடக் கூடாது.

செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால்

பெட்ரோல் காரில் சாவியை ஆன் செய்தவுடன், பின்பக்கம் எரிபொருள் பம்ப் ஓரிரு விநாடி ‘உர்’ என்று ஓடும் சத்தம் பெரும்பாலும் கேட்கும். கேட்காவிட்டால் அதன் ஃப்யூஸ், ரிலேயைப் பார்க்கவும். மீட்டர் பலகையில் சாவி போன்ற விளக்கு சிமிட்டினால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்கவும்.

டீசல் வண்டியில் இன்ஜினை நிறுத்தும் குமிழ் இழுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். டேங்க் வற்றி மறுபடி டீசல் நிரப்பியிருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும். பழைய வகை டிராக்டரில் ஃபில்டர் மேலுள்ள போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கவும். மழைக்காலத்தில் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும்.

மழைக்கு முன்பே

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஏரி, ஆற்றோரப் பகுதிகளில் இருப்பவர்களும் போக்குவரத்துக்கு இடையூறு இல்லாத மேடான இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாம். செப்டம்பர் மாதத்திலேயே பேட்டரி வோல்ட்டேஜைச் சோதித்து, டெர்மினலைச் சுத்தம் செய்துவிட்டால், அடைமழையில் வண்டி நிற்கும் வாய்ப்பு குறையும். அப்படியும் தண்ணீர் சூழ்ந்துவிட்டால், ஓடுகிறதா என்று பார்க்க ஒரு முறைகூட சாவியைத் திருப்ப வேண்டாம்.