கரப்பான் பத்தியமும் மானாவாரிச் சீமையும்

குழந்தைகளுக்கு வரும் எக்ஸிமாவைச் சித்த மருத்துவம் கரப்பான் வகைகளில் சேர்க்கிறது. கரப்பானுக்கு ஆகாதவை என அந்த மரபு விலக்கும் உணவுகளில் சோளம், கம்பு, வரகு மூன்றும் உண்டு. கூடவே வாழைக்காயும் கெளிற்று மீனும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பிரிந்த பெரம்பலூரிலும், 2007-இல் மீண்டும் தனி மாவட்டமான அரியலூரிலும் வானம் பார்த்த நிலம் அதிகம். கம்பங்கூழும் வரகுச்சோறும் அன்றாடம் உண்ட வீடுகளுக்கு இந்தப் பத்தியம் கடினமானது. நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான். குழந்தைக்காகத் தாயும் பத்தியம் காத்தால் அவள் உண்ண என்னதான் மிஞ்சும்?

இரவு அரிப்புக்குக் கைவைத்தியம் வேறு. அருகம்புல் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் விட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடித்த தைலத்தைத் தடவினார்கள். சோப்புக்குப் பதில் பயற்றமாவு. நைந்த பருத்தி வேட்டியில் தூளி.

எண்ணெய்ப் பூச்சும் பருத்தித் துணியும் இன்றைய தோல் மருத்துவத்தோடு ஒத்துப்போகின்றன. சோதிக்காமல் உணவை விலக்குவது ஒத்துப்போவதில்லை, வளரும் பிள்ளைக்கு அது நட்டம். இரவில் தோலின் சூடும் ஈரக்கசிவும் கூடுவதால் அரிப்பு மிகுகிறது. குளித்த ஈரம் காயுமுன் களிம்பு பூசுவது, நகத்தை ஒட்ட நறுக்குவது, புழுக்கமில்லாமல் படுக்கவைப்பது ஆகியவை இப்போதைய வழிகள். ஹைட்ரோகார்ட்டிசோன் பூச்சு 1952-இல் பலன் தந்த பிறகு, சிவந்த தடிப்பை அடக்க மருத்துவர் அளவிட்டுத் தரும் ஸ்டீராய்டு களிம்பும் சேர்ந்தது.