தகரத்தில் ஒரு துளை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிவர்பூலும் நம்மைப் போல ஒரு துறைமுக ஊர். அங்கே இறைச்சி இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில், தன் மகன்களுக்காக உலோகத் தகட்டைக் கையால் பட்டை பட்டையாக வெட்டி பொம்மை கிரேன் செய்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகப் பாகம் செய்து மாளவில்லை. எல்லாப் பட்டையிலும் ஒரே அளவுத் துளை, அரை அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தார். கிரேனைப் பிரித்துப் பாலம் கட்டலாம், பாலத்தைப் பிரித்து வண்டி செய்யலாம். 1901ல் காப்புரிமை வாங்கினார். 1907ல் அதற்கு மெக்கானோ என்று பெயர் வந்தது.

நம் பக்கம் அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்க எத்தனை வீட்டில் முடியும்? டால்டா டின்தான் எங்கள் மெக்கானோ. ஆனால் வேறொரு செல்வம் இருந்தது. 1948ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று தொழிற்சாலைகள் வர, வீட்டுக்கு ஒரு ஃபிட்டர், ஒரு வெல்டர்.

கணக்கில் எப்போதும் பின்தங்கிய ஒரு பையன், அறிவியல் கண்காட்சிக்குத் துறைமுக கிரேன் ஒன்றைத் தகரத்தில் செய்து வந்தான். அத்தனை துளையும் வட்டம், பிசிறே இல்லை. அவன் அப்பா பிரஸ் ஷாப் தொழிலாளி. கேட்டதற்கு, "சார், தகரத்துக்கு அடியில ஒண்ணும் வைக்காம துளை போட்டா கிழியத்தான் செய்யும்" என்றார்.

உண்மைதான். தொழிற்சாலையில் மேலே பஞ்ச், கீழே டை. டையின் துளை பஞ்சைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளி கூடினால் ஓரம் மடங்கிப் பிசிறு எழும். வீட்டில் டிரில் போடும்போது வேறு தொல்லை. தகரம் மெல்லியது, பிட்டின் நுனி அந்தப் பக்கம் வந்துவிடும், அதன் அகலப் பகுதி இன்னும் வெட்டியிருக்காது. பிடிமானம் இல்லாமல் பிட் ஆடி, துளை முக்கோணமாகும். அவர் சொன்ன வழி: தகரத்தை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, மூன்றையும் சேர்த்துத் துளைக்க வேண்டும். முதல் பட்டையை மட்டும் அளந்து துளைத்து, அதையே அச்சாக மற்றவற்றின் மேல் வைத்தால் இடைவெளி மாறாது. ஹார்ன்பியைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

பரிசு, கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலைக்குப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேரப்பிள்ளைகளுக்குச் செய்து கொடுப்பவர்கள், துளையின் ஓரத்தை அதைவிடப் பெரிய பிட்டால் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி விடுங்கள். தகரத்தை மட்டும் வெறும் கையால் பிடித்துக்கொண்டு டிரில் போட வேண்டாம், பிட் கவ்வினால் தகடு சுழன்று விரலை அறுத்துவிடும்.