இரை எலியும் 1960ஆம் ஆண்டுச் சட்டமும்

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1953இல் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர்.

அச்சட்டத்தில் 'விலங்கு' என்பது மனிதன் அல்லாத எந்த உயிரும் ஆகும். எலியும் அதற்குள் அடக்கம். வேடிக்கைக்காக ஓர் உயிரை அடைத்து மற்றொன்றுக்கு இரையாக்குவதைப் பிரிவு 11 குற்றமாக்குகிறது. தேவையற்ற கொடுமையுடன் கொல்வதும் குற்றமே. மனித உணவுக்காகக் கொல்வதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. பாம்பின் உணவு பற்றி அது எதுவும் கூறவில்லை.

இந்த மௌனம் பின்னர் மேலும் சிக்கலானது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எலியைத் தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்தது. கிண்டிப் பாம்புப் பண்ணை தோன்றியதும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயலே. 1998இல் வந்த விதிகள் ஆய்வுக்கூட எலியைக் குழுக்களின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தன. ஆக, வயலில் எலி பகை. ஆய்வுக்கூடத்தில் கணக்கில் வரும் உயிர். பாம்புக்கென வளர்க்கப்படும் எலி இவ்விரண்டிலும் சேராது.

உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்தக்கூடும் என்பதால், கொன்று கொடுப்பதே பாம்புக்கும் நல்லது. எப்படிக் கொல்வது என்பதற்கான விடையை ஆய்வுக்கூட அறிவியலிடமிருந்துதான் கடன் வாங்க வேண்டியிருந்தது. அங்கும் முழு விடை இல்லை. ஆய்வுக்கூடங்களில் வழங்கும் பார்பிட்யூரேட் ஊசி இங்கே உதவாது. மருந்து உடலில் தங்கி, உண்ணும் பாம்பையும் பாதிக்கும். எனவே கரியமில வாயுவே பெரிதும் நம்பப்பட்டது. வாயு அறையில் விலங்குகளைக் கொல்லும் எண்ணம் பழையது. பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் 1884இல் லண்டனில் தெருநாய்களுக்காக அத்தகைய அறையை அமைத்தார். அவர் பயன்படுத்தியது கார்பன் மோனாக்சைடு.

கரியமில வாயு வலியற்றது என்ற நம்பிக்கை பின்னாளில் தளர்ந்தது. மயங்குவதற்கு முன்பே எலிகள் அதைவிட்டு விலக முயல்வதை ஆய்வுகள் காட்டின. ஈரமான சளிச்சவ்வில் அது அமிலமாக மாறி எரிச்சலூட்டும். முன்னரே வாயு நிரப்பிய பெட்டிக்குள் எலியை இடுவது இதனால் கைவிடப்பட்டது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2013இல் நிமிடத்துக்கு அறைக் கொள்ளளவில் 10 முதல் 30 விழுக்காடு என்றது. 2020இல் அதையே 30 முதல் 70 என மாற்றியது. ஏழாண்டுகளில் இத்தனை மாற்றம்! 'தேவையற்ற கொடுமை' என்ற சட்டச் சொல்லின் பொருள் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இந்த எண்களே சான்று.

குட்டிப் பாம்புகளுக்கு இடப்படும் முடி முளைக்காத எலிக்குஞ்சுகளின் நிலை இன்னும் கடினம். பிறந்து சில நாட்களே ஆனவை உயிர்வளிக் குறைவை வெகுநேரம் தாங்கும். பெரிய எலி இறக்கும் நேரத்தில் குஞ்சு மயக்கமே அடைந்திருக்கும். அசைவு நின்றதும் எடுத்து உறைபெட்டியில் வைத்தால், அது அங்கே மீண்டும் உணர்வு பெறலாம். ஆகவே வாயுவுக்குப் பின் கழுத்தெலும்பைப் பிரித்தோ வேறு வழியிலோ இறப்பை உறுதிசெய்த பிறகே உறைபெட்டிக்கு மாற்ற வேண்டும்.